தமிழில் சொல்ல முடியும்

ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, அறிவியல் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென 1916இல் சேலத்தில் ஒரு சங்கம் கண்டார். வேதியியலை எளிய தமிழில் விளக்கத் ‘திண்ணை ரசாயனம்’ எழுதினார். ஆயினும், உயர் அறிவியலுக்குத் தமிழ் போதாது என்னும் தயக்கம் நம்மிடம் இன்னும் நீங்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டால் அதனைச் சோதித்துப் பார்ப்போம்.

குழாயில் மெதுவாகச் செல்லும் நீர் வரிச்சீராக ஓடுகிறது. விரைவு மிகுந்தால் சுழல்கள் தோன்றுகின்றன. எக்கி தரும் ஆற்றலை அவை வெப்பமாக்கி வீணாக்குகின்றன. அந்நீரில் பத்து இலட்சம் பங்குக்குச் சில பங்கு அளவே நீள்சங்கிலிப் பலபடியைக் கரைத்தாலும் போதும். அதன் மூலக்கூறுகள் சுருள் அவிழ்ந்து நீண்டு, குழாய்ச் சுவரருகே எழும் சுழல்களை அடக்குகின்றன. இழுவை பாதிக்கு மேலும் குறையக்கூடும். 1948இல் டாம்ஸ் என்னும் அறிஞர் எடுத்துரைத்த இவ்விளைவு, 1979 முதல் அலாஸ்காவின் நெடிய எண்ணெய்க் குழாயில் பயன்படுத்தப்பட்டது. நம் கொத்தவரை விதையின் பிசினுக்கும் இப்பண்பு உண்டு.

இவ்வளவையும் சொல்லத் தமிழ் எங்கும் தடுமாறவில்லை. ஒசூர்த் தொழிற்சாலையில் எக்கியை இயக்கும் தொழிலாளிக்கும் இது விளங்கும்; விளங்கினால் அவரும் வினா எழுப்புவார். அறிவின் ஓட்டத்திற்குத் தடையாவது மொழி அன்று. பொருள் உணராத மனப்பாடமே. மாணவர்களே, இன்று கற்றதை உங்கள் வீட்டுத் திண்ணையில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவருக்கு விளங்கினால், நீங்கள் கற்றுவிட்டீர்கள்.