பனிச் சிகரமும் கறைபடிந்த பெயரும்

அந்தாட்டிக்காவின் அதியுயர்ந்த சிகரம் எது என வினவினால், 'வின்சன்' என்று நம் மாணவர் தயங்காது விடையிறுப்பர். உயரம் 4,892 மீற்றர் என்பதையும் பிழையின்றிச் சொல்வர். வின்சன் என்பவர் யார் என்ற கேள்வி மட்டும் வகுப்பறையில் எழுவதேயில்லை. அது மாணவரின் குற்றமன்று. ஆசிரியர்களாகிய நமது குற்றம்.

தென் துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர் தொலைவில், எல்ஸ்வேர்த் மலைகளின் சென்ரினல் தொடரில் நிற்கிறது அச்சிகரம். 1958இல் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் அம்மலையைக் கண்டன. 1961இல் பெயர் சூட்டப்பட்டது. 1966 டிசெம்பரிலேதான் மனிதன் அதன் உச்சியில் கால்வைத்தான்.

கார்ல் வின்சன் மலையேறியுமல்லர், விஞ்ஞானியுமல்லர். ஜோர்ஜியா மாநிலத்தின் பிரதிநிதியாக 1914 முதல் 1965 வரை அமெரிக்கக் காங்கிரஸில் வீற்றிருந்தவர். ஆயுதப்படைக் குழுவின் தலைவராய், கடற்படைக்கான பணப்பெட்டியின் திறவுகோலைக் கையில் வைத்திருந்தவர். துருவ ஆராய்ச்சிக்கு அவர் அளித்த ஆதரவுக்காகவே இப்பெயர் என்பது உத்தியோக விளக்கம். ஆதரவளித்தார், மறுக்கவில்லை. ஆனால், 1956இல் தென் துருவத்தில் முதன்முதல் விமானத்தை இறக்கிய ஷின் என்பாருக்குக் கிடைத்ததோ அருகிலுள்ள 4,660 மீற்றர்ச் சிகரம். போனவனுக்குச் சிறியது, பணம் ஒதுக்கியவனுக்குப் பெரியது!

அதே 1956இல் வின்சன் இன்னொரு காரியமும் செய்தார். வெள்ளையர் பிள்ளைகளையும் கறுப்பின மக்களின் பிள்ளைகளையும் வேறுவேறு பாடசாலைகளில் பிரித்துவைத்தல் அரசியலமைப்புக்கு முரணானதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை எதிர்த்துத் தென்மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் வெளியிட்ட பிரகடனத்தில் அவரும் ஒப்பமிட்டார். ஐந்தே ஆண்டுகளில், அக்கையொப்பத்துக்குரியவரின் பெயர் ஒரு கண்டத்தின் உச்சியில் ஏறிவிட்டது.

"அங்கே குடிகளில்லை; எவருடைய பழம்பெயரையும் அழிக்கவில்லையே" என்பார் உளர். உண்மைதான். அலாஸ்காவில் பழங்குடியினர் வழங்கிய டெனாலி என்ற பெயரின்மீது மக்கின்லியின் பெயரைச் சுமத்தி, 2015இல் பழம்பெயரை மீட்டு, 2025இல் மறுபடியும் பறித்த கதை வேறு. அந்தாட்டிக்காவில் அத்தகைய வழக்கேதுமில்லை, எவரையும் தேர்ந்திருக்கலாம். கேட்பாரற்ற இடத்தில் ஒரு வல்லரசு யாரைத் தேர்கிறது என்பதன்றோ அதன் உள்ளத்தைக் காட்டுவது! அக்கண்டம் சமாதான நோக்கங்களுக்கே உரியதென 1959இல் வாஷிங்டனில் ஒப்பந்தமும் செய்து, ஈராண்டில் போர்க்கப்பல்களின் புரவலரை அதன் முடியில் ஏற்றினார்கள்.

2006இல் பெயரிடும் குழு இவ்விடயத்தை மீண்டும் கையிலெடுத்தது. மலைத்தொகுதிக்கு ஒரு பெயர், சிகரத்துக்குத் தனியே ஒரு பெயர் என வகுத்தது. இரண்டுக்கும் வின்சன் என்றே வைத்தது.