ரிவ்யூ மீது போடும் பழி

"ஆப் ரெடி அண்ணாச்சி, ரிவ்யூவுலதான் கெடக்கு." திருநெல்வேலியில் ஆப் எழுதும் பிள்ளைகளிடம் பேசினால் இந்த வாக்கியம் வராமல் பேச்சு முடியாது. வண்ணார்பேட்டை மாடி அறைகளில் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள், கல்லூரி இறுதியாண்டு புராஜெக்டை உண்மையான ஆப்பாக ஆக்கப் பார்க்கிறவர்கள், வாழை மண்டிக்கும் ஜவுளிக்கடைக்கும் ஆப் செய்து கொடுத்துப் பிழைக்கிறவர்கள் என எல்லாரும் இதையே சொல்கிறார்கள். கூகுளும் ஆப்பிளும் வாரக்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்வதால் சோதனை நடக்கவில்லை, சோதனை நடக்காததால் ஆப் வெளிவரவில்லை, சின்ன ஊர்க்காரனுக்கு இந்தத் துறையில் வழியே இல்லை என்று அந்தப் பேச்சு நீளும். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அந்தக் கொஞ்சத்துக்காக மீதி அத்தனையையும் நம்பிவிடுவதால் நல்ல ஆப்புகள் பாதியில் நிற்கின்றன. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

முதல் வாதம்: ரிவ்யூ முடியாமல் யார் கையிலும் ஆப்பைக் கொடுத்துப் பார்க்க முடியாது என்பது. இது தவறு. கூகுள் பிளே கன்சோலில் 'இன்டர்னல் டெஸ்டிங்' என்று ஒரு பாதை இருக்கிறது. 100 பேர் வரை மின்னஞ்சல் முகவரி போட்டுச் சேர்க்கலாம். புதிய ஆப் என்றால் முதல் தடவை லிங்க் வேலை செய்ய அதிகம் போனால் 2 நாள் ஆகலாம். அதன் பிறகு ஏற்றுகிற ஒவ்வொரு பில்டும் சில நிமிடங்களில் டெஸ்டர் போனுக்குப் போய்விடும். அதைவிட எளிதாக 'இன்டர்னல் ஆப் ஷேரிங்' இருக்கிறது. ஃபைலை ஏற்றியதும் லிங்க் கிடைக்கும், வெர்ஷன் எண்ணைக்கூட மாற்ற வேண்டியதில்லை. டெஸ்டர் தன் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒரு தடவை அதை ஆன் செய்தால் போதும். ஐபோன் பக்கம் டெஸ்ட்ஃபிளைட். உங்கள் குழுவில் சேர்த்த 100 பேருக்கு எந்தப் பரிசீலனையும் இல்லாமல் பில்ட் போகும். வெளியாட்கள் 10,000 பேர் வரை சேர்க்கலாம். அவர்களுக்கு ஒரு வெர்ஷனின் முதல் பில்ட் மட்டும் ரிவ்யூவுக்குப் போகும், அதே வெர்ஷனில் அடுத்தடுத்து வருகிற பில்டுகளுக்குப் பெரும்பாலும் முழு ரிவ்யூ தேவைப்படாது. ஒவ்வொரு பில்டும் 90 நாள் உயிரோடு இருக்கும்.

ஆக, ரிவ்யூ வரிசை நிற்பது வெளியீட்டின் வாசலில். சோதனைக்கு வேறு வாசல் எப்போதும் திறந்தே இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் செய்வது என்னவென்றால், தங்கள் ஒரே ஒரு போனில் ஓட்டிப் பார்த்துவிட்டு நேரே புரொடக்‌ஷனுக்கு அனுப்புகிறார்கள். அங்கே காத்திருக்கும்போது சோதனையே தடைபட்டுவிட்டதாக நினைக்கிறார்கள்.

இரண்டாவது: பெரிய கம்பெனிக்கு உடனே அனுமதி, நமக்கு மாதக்கணக்கு. இந்தப் புகாருக்கு ஒரு பழைய அடிப்படை உண்டு. 2015 வாக்கில் ஆப் ஸ்டோரில் ஒரு வாரம் காத்திருப்பது சாதாரணம். 2016-லேயே அது 2 நாளுக்குக் கீழே வந்துவிட்டது. இன்று தங்களிடம் வருவதில் 90 சதவீதத்தை 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிடுவதாக ஆப்பிள் சொல்கிறது. கூகுள் சில கணக்குகளுக்கு 7 நாள் வரை, அபூர்வமாக அதற்கு மேலும் ஆகலாம் என்கிறது. புதிய கணக்கைக் கூடுதலாகத் துருவிப் பார்க்கிறார்கள் என்பதும் உண்மை. 2019 ஏப்ரலில் அவர்களே அறிவித்த விஷயம் அது. ஆனால் அந்தத் துருவல் கணக்கின் வயதைப் பார்த்து வருகிறது, நாம் பேட்டையில் இருக்கிறோமா பெங்களூரில் இருக்கிறோமா என்று பார்த்து அல்ல.

அப்படியானால் மாதக்கணக்கு எங்கிருந்து வருகிறது? திருப்பி அனுப்பப்பட்ட ஆப்புகளை எடுத்துப் பாருங்கள். நான் அதிகம் பார்க்கிற காரணம் ஓடிபி. ஆப்பைத் திறந்ததும் இந்திய செல்போன் எண் கேட்கிறது. பரிசீலிப்பவர் எங்கோ ஒரு நாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் இந்திய எண் கிடையாது. முதல் திரையைத் தாண்ட முடியாமல் திருப்பி அனுப்புகிறார். நம் ஆள் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்காமல் அதே பில்டை மறுபடி அனுப்புகிறார். இப்படி மூன்று சுற்று போனால் மாதம் ஓடிவிடும். இதற்கு மருந்து எளிது. ஒரு சோதனை எண்ணும் மாறாத ஓடிபியும் வைத்துக்கொள்ளலாம், ஃபயர்பேஸில் அதற்கென்றே வசதி இருக்கிறது. அவற்றை பிளே கன்சோலில் 'ஆப் அக்சஸ்' பகுதியிலும் ஆப்பிளில் ரிவ்யூ குறிப்பிலும் எழுதிவிட வேண்டும். உள்ளே தமிழ்த் திரைகள் மட்டும் இருந்தால், எந்தப் பொத்தான் எங்கே கொண்டு போகும் என்று ஆங்கிலத்தில் நாலு வரி சேர்த்து எழுதுங்கள். பார்ப்பவருக்கும் அது மரியாதை.

அடுத்த காரணம் தேவையில்லாத அனுமதிகள். நெல்லை சந்திப்பிலிருந்து பாபநாசம் போகும் பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப் என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் போனில் ஓடும் ஆப்புக்குப் பின்னணியிலும் இருப்பிடம் தெரிய வேண்டும். அதற்கு கூகுளிடம் தனியாக விண்ணப்பித்து, ஏன் வேண்டும் என்று வீடியோவோடு காட்ட வேண்டும். பயணியின் ஆப்புக்கு அந்த அனுமதி எதற்கு? இரண்டையும் ஒரே ஆப்பில் போட்டுவிட்டு ரிவ்யூ இழுக்கிறது என்றால் என்ன செய்வது? அதுபோலவே டேட்டா சேஃப்டி படிவம், பிரைவசி பாலிசி லிங்க், கணக்கை நீக்கும் வசதி. இவை எல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலைகள், கடைசி நாளுக்குத் தள்ளப்படுகின்றன.

மூன்றாவது வாதம் ஊரில் வேகமாகப் பரவியிருக்கிறது, ஆபத்தும் அதில்தான் அதிகம். "ரிவ்யூவுக்கு எதுக்குக் காத்திருக்கணும், ஏபிகேயை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டா முடிஞ்சது." முடியாது. தொழில்நுட்பக் காரணத்தை முதலில் சொல்கிறேன். உங்கள் கணினியில் கையொப்பமிட்ட ஏபிகேயும் (ஆப்பை நிறுவும் ஃபைல்), பிளே ஸ்டோர் தன் சாவியால் கையொப்பமிட்டுத் தருகிற ஆப்பும் போனுக்கு வேறு வேறு ஆப்புகள். வாட்ஸ்அப்பில் வாங்கியவர் பிறகு ஸ்டோரிலிருந்து அதன்மேல் போட முடியாது, பழையதை அழிக்க வேண்டும். அதோடு அவர் போனில் இருந்த தகவலும் போகும். இன்னொன்று, கூகுள் லாகின், மேப் இரண்டும் கையொப்பச் சாவியின் அடையாளத்தைப் பார்த்து வேலை செய்கிறவை. ஏபிகேயில் அருமையாக ஓடியது ஸ்டோருக்குப் போனதும் லாகின் திரையிலேயே நிற்கும். அதைக் கண்டுபிடிப்பதற்காகத்தான் ஸ்டோர் வழியாகவே சோதிக்கச் சொல்வது.

மற்றொரு காரணம் நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியது. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பி, அதைத் தொட்டவர்களின் வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. போலீஸ் எச்சரித்துக்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் நாம் பெரியப்பாவிடம், "இது நம்ம ஆப்தான், 'தெரியாத மூலம்' என்று எச்சரிக்கை வரும், பரவாயில்லை என்று அழுத்துங்கள்" என்று பழக்குகிறோம். அடுத்த மாதம் திருடன் அனுப்பும்போதும் அவர் அதையேதான் அழுத்துவார். நம்பிக்கையின் பேரில் ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாத பழக்கம் இது. இதற்குப் பூட்டும் வந்துவிட்டது. எஸ்எம்எஸ் படிப்பது போன்ற அனுமதி கேட்கும் ஆப்பை பிரவுசர் வழியாகவோ மெசேஜ் வழியாகவோ நிறுவ முயன்றால் கூகுளின் பிளே புரொடெக்ட் தானே தடுத்துவிடும் ஏற்பாட்டை 2024 அக்டோபரில் இந்தியாவுக்கும் அறிவித்தார்கள்.

நான்காவது, 12 பேர் சட்டம். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்குகள், வெளியிடும் முன் மூடிய சோதனை நடத்தியாக வேண்டும் என்று கூகுள் விதித்தது. முதலில் 20 டெஸ்டர்கள் என்றார்கள், 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். அவர்கள் 14 நாள் இடைவிடாமல் சேர்ந்திருக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து எழுதுகிற பிள்ளைக்கு இது சுமைதான், மறுக்கவில்லை. நிறுவனக் கணக்குக்கு இல்லாத நிபந்தனை அவன்மேல் மட்டும் விழுவதில் நியாயக் குறைவு இருக்கிறது. ஆனால் அதற்கு ஊரில் சொல்லும் தீர்வு, "காசு கொடுத்தா டெஸ்டர் கிடைப்பான், இல்லேன்னா நீ என் ஆப்பைப் போடு, நான் உன் ஆப்பைப் போடுதேன்" என்பது. இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். 14 நாள் முடிந்து அனுமதி கேட்கும்போது டெஸ்டர்களை எப்படிச் சேர்த்தீர்கள், என்ன சொன்னார்கள், அதை வைத்து எதை மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கிறது. வாங்கிய டெஸ்டர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். அப்போது பொய் எழுத வேண்டும், அல்லது மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உண்மையான டெஸ்டர் என்ன தருவார் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வாழை மண்டிக்காக எழுதிய கணக்கு ஆப் ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எழுதிய பையனின் போனில் குறையே இல்லை. மண்டிக் கணக்குப்பிள்ளை கண்ணாடி போடாமல் படிப்பதற்காகப் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தார். 'உறுதி செய்க' பொத்தானில் 'உறுதி' மட்டும் தெரிந்தது, பக்கத்தில் இருந்த 'ரத்து செய்க' திரையை விட்டே போய்விட்டது. தார் எண்ணிக்கை போடும் கட்டத்தைத் தொட்டால் எண் பலகை வராமல் எழுத்துப் பலகை வந்தது. லாரி நிற்கிறது, ஒரு கையில் துண்டுச்சீட்டு, மறு கையின் கட்டைவிரலால் அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். தமிழில் சொற்கள் நீளம், நம் பெரியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிப்பார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் எந்தப் பரிசீலகரும் இதைக் கண்டுபிடித்துச் சொல்லப் போவதில்லை. காசுக்கு வரும் டெஸ்டரும் சொல்ல மாட்டான். சேர்வலாறு, காரையாறு பக்கம் போகிற ஒருவர் டெஸ்டராக இருந்தால் சிக்னல் போய்ப் போய் வருகையில் ஆப் எப்படி முழிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் 12 பேரைச் சேர்ப்பது அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர், பத்தமடையில் பாய் விற்கும் அக்கா, மேலப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் பாய், ஸ்ரீவைகுண்டத்து மாமா என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. இடையில் ஓரிருவர் விலகினாலும் கணக்கு உடையாமல் இருக்க 12-க்குப் பதில் கூடுதலாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் ஒன்று கல்லூரிகளுக்கு. இங்கே 1981-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, தனியார் கல்லூரிகள் நிறைய இருக்கின்றன. நிறுவனக் கணக்குக்கு டன்ஸ் என்ற நிறுவன அடையாள எண் வேண்டும், அது இலவசமாகவே கிடைக்கும். கல்லூரி பெயரில் ஒரு கணக்கு எடுத்து, ஒரு பேராசிரியர் பொறுப்பேற்று, தேர்ந்த புராஜெக்டுகளை அதில் வெளியிட்டால் அந்த 12 பேர் நிபந்தனையே மாணவர்களைத் தொடாது.

இன்னொரு பேச்சு, சின்னத் திருத்தம் செய்தாலும் மறுபடி ரிவ்யூ என்பது. ஆப்பின் எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே எழுதிவைத்தால் அப்படித்தான். விலை, அறிவிப்பு, நேர அட்டவணை, விதிகள் எல்லாம் சர்வரிலிருந்து வந்தால் திருத்தத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். புதிய அம்சங்களை ஒளித்துவைத்துப் பிறகு திறப்பது வேறு, அது விதிமீறல். 2025 செப்டம்பர் கடைசியில் ஜோஹோவின் அரட்டை ஆப் திடீரென்று பிடித்துக்கொண்டதை நினைத்துப் பாருங்கள். சிற்றாற்றுப் பக்கம் மத்தளம்பாறையில் இருக்கும் ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அப்போது சொன்னார்: 3 நாளில் புதிதாகச் சேருகிறவர்கள் தினம் 3,000-லிருந்து 3.5 லட்சமாக ஏறிவிட்டார்கள், பெரிய வெளியீட்டை நவம்பருக்கு வைத்திருந்தோம் என்று. அந்த நெருக்கடியில் அவசரமாகக் கூட்டியது சர்வர்களை. அதற்கு எந்த ஸ்டோரின் அனுமதியும் தேவையில்லை.

ரிவ்யூவே வேண்டாம் என்கிறவர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022-ல் ஆப்பிளுக்கு வந்த 61 லட்சம் சமர்ப்பிப்புகளில் ஏறக்குறைய 17 லட்சம் நிராகரிக்கப்பட்டன. அவற்றில் எத்தனை நம் போனுக்குள் வரக்கூடாதவை என்று யோசித்தால் போதும். அதேசமயம் நிராகரிப்புக் கடிதங்கள் அச்சு வார்த்தைகளாக இருப்பதும், காரணம் புரியாமல் கணக்கு முடக்கப்பட்டவர் பேச ஒரு மனிதர் கிடைக்காததும் உண்மையான அநியாயங்கள். அவற்றைக் கேட்க நமக்குக் குரல் வேண்டும். வெறும் தாமதத்தைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தால் அந்தக் குரல் எடுபடாது.

அவசரத்துக்கு ஆப் உதவாதே என்றால், ஆமாம், உதவாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கியபோது புது ஆப் எழுத உட்காருவது யாருக்கும் பயன்பட்டிருக்காது. அந்த வேளைக்கு லிங்கில் திறக்கும் சாதாரண வலைப்பக்கம் போதும், அதற்கு ரிவ்யூவே கிடையாது. ஏற்கெனவே ஸ்டோரில் இருக்கும் ஐபோன் ஆப்பில் அவசரத் திருத்தம் என்றால் துரிதப் பரிசீலனை கேட்க ஆப்பிளில் வழி இருக்கிறது.

மழைக்கு முன் ஆப் வேண்டும் என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். அக்டோபர் 15-க்குள் மக்கள் கையில் இருக்க வேண்டும். புரொடக்‌ஷன் ரிவ்யூவுக்கு 7 நாள். அதற்கு முன் வெளியீட்டு அனுமதி விண்ணப்பத்துக்கு 7 நாள். அதற்கு முன் 14 நாள் மூடிய சோதனை. மூடிய சோதனைக்கு ஏற்றுவதும் ரிவ்யூ வழியாகத்தான் போகும், அதற்குச் சில நாள். ஒரு தடவை திருப்பி அனுப்பப்படலாம் என்று இன்னும் ஒரு வாரம். செப்டம்பர் முதல் வாரம் தாண்டும் முன் மூடிய சோதனைக்கு ஏற்றியாக வேண்டும். இன்டர்னல் டெஸ்டிங் ஆகஸ்ட் முழுதும் ஓட வேண்டும், அம்பாசமுத்திரத்தில் ஒரு போனிலும் ஏரலில் ஒரு போனிலுமாவது.