உள்ளாட்சித் தேர்தலில் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வாக்காளர் சங்கம், அமரவிளை,
நெய்யாற்றின்கரை வட்டம்.

பெறுநர்:
மாநிலத் தேர்தல் ஆணையர் அவர்கள்,
திருவனந்தபுரம்.

நகல்: செயலாளர், உள்ளாட்சித் துறை, கேரள அரசு.

பொருள்: பல உறுப்பினர் வார்டுகளும் விகிதாசார முறையும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

2025 டிசம்பர் 9 அன்று எங்கள் மாவட்டத்தில் வாக்குப்பதிவு நடந்து, 13 அன்று முடிவுகள் வெளியாயின. இரவு பகலாக உழைத்த அலுவலர்களுக்கு நன்றி. எங்கள் குறை வாக்குகளை இடங்களாக மாற்றும் முறையைப் பற்றியது.

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இங்கே வாழும் தமிழ்க் குடும்பங்கள் ஒரே இடத்தில் திரண்டு இல்லை. அமரவிளை முதல் பாறசாலை வரை வார்டு வார்டாகப் பரவியிருக்கின்றன. பிற சிறு பிரிவினரின் நிலையும் இதுவே.

ஒரு வார்டில் 1,000 வாக்குகள் பதிவாகி, மூவருக்கு 380, 340, 280 என விழுந்தால், 380 பெற்றவர் உறுப்பினராகிறார். மீதி 620 பேரின் வாக்கு யாரையும் சபைக்கு அனுப்புவதில்லை. இத்தகைய நான்கு வார்டுகளை ஒன்றாக்கி நான்கு உறுப்பினர்களை, வாக்காளர் வேட்பாளர்களை விருப்ப வரிசைப்படி குறிக்கும் ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்ந்தெடுத்தால், 4,000 வாக்குகளில் 801 பெறுபவர் வெற்றி பெறுவார். வார்டுக்கு 210 பேராகச் சிதறியவர்கள் இன்று நான்கிலும் தோற்பார்கள். அந்த முறையில் 840 வாக்குகளோடு தங்களில் ஒருவரை அனுப்புவார்கள்.

இது நாட்டுக்குப் புதிதல்ல. குடியரசுத் தலைவரும் மாநிலங்களவை உறுப்பினர்களும் இம்முறையில்தான் தேர்வாகிறார்கள். ஸ்காட்லாந்தின் உள்ளாட்சிகள் 2007 முதல் இதைப் பின்பற்றுகின்றன. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் 2025 மே 6 அன்று இலங்கையில் நடந்த தேர்தலில், கொழும்பு மாநகர சபையின் 117 இடங்களில் முதலிடம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு 48 கிடைத்தன. தனிப்பெரும்பான்மை இல்லாததால் மற்றவர்களின் ஆதரவைத் தேட வேண்டியதாயிற்று. அதைக் குறையாக நாங்கள் கருதவில்லை. சபைக்குள் பலரையும் கேட்டு முடிவெடுப்பதே உள்ளாட்சி.

அரசமைப்புச் சட்டத்தின் 243-சி பிரிவு, பஞ்சாயத்துத் தொகுதியின் மக்கள்தொகைக்கும் ‘அதற்கு ஒதுக்கப்பட்ட இடங்களின் எண்ணிக்கைக்கும்’ உள்ள விகிதத்தைப் பேசுகிறது. ஒரு தொகுதிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் தர அது வழிவிடுகிறது என்பது எங்கள் கருத்து. ஆகவே கோருகிறோம்:

1. மூன்று அல்லது நான்கு உறுப்பினர்கள் கொண்ட வார்டுகளுக்காக, 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ், நகராட்சிச் சட்டங்களைத் திருத்த ஆணையம் அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

2. பெண்களுக்கான பாதி இடங்களை இந்த வார்டுகளுக்குள்ளேயே ஒதுக்க வேண்டும். சுழற்சியில் வார்டு மாறிப்போவதால் நன்கு பணியாற்றிய உறுப்பினர் தொகுதியை இழக்கும் நிலை இதனால் நீங்கும்.

3. விருப்ப வரிசையை எண்ணால் குறிக்க வேண்டியிருப்பதால், காகித வாக்குச்சீட்டில் நெய்யாற்றின்கரை நகரசபையிலும் பாறசாலை கிராமப் பஞ்சாயத்திலும் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும்.

4. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் கட்சிவாரியாகப் பெற்ற மொத்த வாக்குகளையும் இடங்களையும் ஒரே பட்டியலில், எல்லையோர ஊர்களுக்குத் தமிழிலும், வெளியிட வேண்டும்.

5. அடுத்த வார்டு மறுவரையறைக்கு முன் எங்கள் ஊர்களில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும்.

சட்டத் திருத்தம் அரசின் பொறுப்பு என்பதை அறிவோம். ஆனால் வாக்குகளின் கணக்கை ஆணையத்தைவிட நன்கறிந்தவர் இல்லை. தங்கள் பரிந்துரைக்கு எடை உண்டு. 2030 தேர்தலுக்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்,
வாக்காளர் சங்கம், அமரவிளை.