அடுத்த வீட்டு அலறலும் நம் பொறுப்பும்

"அது அவர்கள் குடும்ப விவகாரம், நமக்கேன் வம்பு?" நள்ளிரவில் பக்கத்துக் குடித்தனத்தில் ஒரு பெண் அலறும்போது நம்மில் பலர் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. ஆலையில் ஒரு தொழிலாளியை மேஸ்திரி கைநீட்டி அடித்துவிட்டால், எந்திரத்தை நிறுத்திவிட்டு வாசலுக்கு வருகிறவர்கள் நாம். அதே தொழிலாளி வீட்டுக்குப் போய் மனைவியை அடித்தால் மட்டும் வாயடைத்துப் போகிறோம். ஏன் தோழர்களே? அவள் சங்கத்துக்குச் சந்தா கட்டவில்லை என்பதாலா?

2019-21இல் சர்க்காரே எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் அடிக்கோ பலவந்தத்துக்கோ ஆளானவர்கள். இந்தியா முழுமைக்கும் அது 29தான். எல்லாவற்றிலும் முன்னே நிற்கிறோம் என்று மேடைதோறும் முழங்குகிறோமே, இதிலுமா முன்னே நிற்பது!

குடிதான் காரணம் என்பார்கள். அடிக்கடி குடித்து வெறியேறும் கணவன்மாரின் மனைவியரில் நூற்றுக்கு 70 பேர் அடிபடுகிறார்கள் என்று அதே கணக்கு சொல்வது மெய்தான். ஆனால், குடிக்கவே குடிக்காதவர்களின் வீட்டிலும் 23 பேர் அடிபடுகிறார்களே, அந்த உத்தமர்கள் எந்தப் புட்டியின்மேல் பழியைப் போடுவார்கள்?

அடிபட்டவர்களில் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் வாய்திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்டவர்கள் அன்றோ! இந்நாட்டில் மனைவியை அடிப்பதற்கு ஏதேனுமொரு நியாயம் உண்டென்று கருதுவோர், ஆண்களில் மட்டுமல்ல, பெண்களிலும் ஏறக்குறைய பாதிப்பேர்.

சட்டம் இல்லாமலில்லை. 2005இல் நிறைவேறிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு எவர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு. மாஜிஸ்திரேட்டின் பாதுகாப்பு உத்தரவை மீறுகிறவனுக்கு ஓராண்டுவரை சிறை, 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இவற்றைவிட நமக்கு முக்கியமானது நாலாவது பிரிவு. வன்முறை நடப்பதாக நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்குத் தொடர முடியாது. "நமக்கேன் வம்பு" என்ற சாக்கு அன்றே செத்துவிட்டது!

இதை எத்தனை பேர் அறிவர்? சட்டத்தை ஊரறியச் செய்வதும், போலீசார் முதல் நீதித்துறையினர் வரை பயிற்சி தருவதும் சர்க்காரின் கடமை என்று பதினோராம் பிரிவு சொல்கிறது. சட்டம் வந்து இருபதாண்டு ஆகப்போகும் 2025 மே மாதத்தில், பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள், சட்டத்தை விளம்பரப்படுத்துங்கள் என்று மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. சர்க்காரின் சுறுசுறுப்பு அப்படி!

சர்க்காரை மட்டும் சாடிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. அடிபட்டவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு முதலில் வந்து நிற்பது எங்கே? பல ஊர்களில் நமது கிளை அலுவலகத்தின் வாசலில்தான். அங்கே நடப்பதென்ன? அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை அதட்டல், அவளுக்கு "கொஞ்சம் பொறுத்துப் போம்மா" என்று உபதேசம், தேநீர், பிறகு அதே வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்புதல். தோழர் நல்லவர்தான், நோக்கமும் நல்லதுதான். ஆனால் அன்றிரவு, "கட்சி ஆபீசு வரைக்கும் போனாயா?" என்று மறுபடி அடி விழுமே, அதற்கு யார் பொறுப்பு?

முதற்பயிற்சி நமக்குத்தான் தேவை. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் எங்கே இருக்கிறார், இலவச சட்ட உதவிக்கு எங்கே போவது என்பது ஒவ்வொரு கிளைச் செயலாளருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள். போனஸைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் வாயிற்கூட்டத்தில் இதற்குக் கால் மணி ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்? அடிப்பவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறான், கேட்கட்டும்.

பாதுகாப்பு அலுவலரையே பேச அழையுங்கள். வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கலெக்டரிடம் கேட்க நமக்கு வழி தெரியாதா என்ன?