'தெரியவில்லை' வேறு, 'இல்லை' வேறு

2020 மே 26ஆம் திகதி, நல்லதண்ணி லக்ஷபான தோட்டத்தின் வாழமலைப் பகுதியில், கழுத்தில் சுருக்குக் கம்பி இறுகிக் கிடந்த கறுஞ்சிறுத்தையொன்று உயிரோடு மீட்கப்பட்டது. மலையிறக்கி உடவளவ யானைகள் இடைத்தங்கல் நிலையத்துக்குக் கொண்டுசென்றார்கள். 29ஆம் திகதி அது இறந்தது. கம்பி வைப்பவர்களைப் பற்றி அப்போது நிறையப் பேசியாயிற்று. மிருக வைத்தியர்களாகிய நாம் யோசிக்க வேண்டியது, மீட்புக்கும் மரணத்துக்கும் இடையிலுள்ள அந்த மூன்று நாட்களை. சுருக்கில் மணிக்கணக்காகப் போராடும் விலங்கின் தசைநார்கள் சிதைகின்றன. சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரகத்தில் போய் அடைக்கிறது. அதன் விளைவு தெரிய ஒரு நாளும் ஆகலாம், பல நாட்களும் ஆகலாம். இப்படிப்பட்ட விலங்கை முதல் சில மணி நேரத்தில் எக்ஸ்ரே எடுத்தால் முறிந்த எலும்பு தெரியும், பழைய ஈயக்குண்டு தெரியும், நெஞ்சறைக்குள் புகுந்த காற்று தெரியும். நசுங்கிய தசை தெரியாது. "எலும்பு முறிவு தென்படவில்லை" என்று எழுதினால் அது படம் சொன்னது. "உட்காயம் இல்லை" என்று எழுதினால் அது நம் ஆசை சொன்னது.

இந்தத் தவறுக்குச் சிறுத்தைதான் வேண்டுமென்பதில்லை. லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் ஒற்றைப் பசுவிடமும் இதையே செய்கிறோம். செயற்கை முறையில் சினைப்படுத்திய 28ஆம், 30ஆம் நாளில் குதவழி ஸ்கேன் செய்தால், கறுப்பாகத் தெரியும் திரவத்துக்குள் கருவின் இதயத் துடிப்பைக் காண முடியும் என்பது பாடம். கொட்டகையில் நடப்பது வேறு. வெயில் திரையில் பட்டுக் கண் கூசும். படங்கையோ சாக்கையோ பிடித்து மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். பல ஈற்றுக் கண்ட மாட்டின் கருப்பை வயிற்றுக்குள் ஆழமாகத் தொங்கும். ஒரு கொம்பின் நுனி கைக்கே எட்டாது. இடையில் மாடு மறுபடி பருவத்துக்கு வந்து இரண்டாம் முறை சினைப்படுத்தியிருந்தால், நாம் 32 என்று எண்ணும் நாள் உண்மையில் 12ஆகவும் இருக்கலாம். இத்தனைக்கும் நடுவே துடிப்பைக் காணாதவர் "சினை நிற்கவில்லை" என்று சொல்லிவிட்டு, மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவரப் புரோஸ்டாகிளாண்டின் போடுகிறார். கர்ப்பத்தைத் தாங்கி நிற்கும் மஞ்சள் உடல் கரைகிறது. இருந்த கரு போய்விடுகிறது. அந்த வீட்டுக்கு ஒரு கன்றும் மாதக்கணக்கான பாலும் நட்டம். அது நம் சொல்லால் வந்தது என்று யாருக்கும் தெரியவராது, நமக்கும்கூட. எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: துடிப்பைக் காணாமல் திரவத்தை மட்டும் பார்த்துச் சினை என்று எழுதுவது. சீழும் சளியும்கூடக் கருப்பையை நிரப்பும்.

விலங்கு வளர்ப்போர் எதிர்பார்ப்பது ஒரே சொல். தயங்குகிற வைத்தியரை யார் நம்புவார்கள் என்று கேட்கலாம். தயக்கத்தை மட்டும் கொடுத்தால் நம்ப மாட்டார்கள்தான். "இன்று துடிப்பைக் காணவில்லை, பத்து நாள் கழித்து மறுபடி பார்ப்போம், அதுவரை ஊசி வேண்டாம்" என்பதில் அவர்கள் செய்யவேண்டிய காரியம் இருக்கிறது. தவிர, 30ஆம் நாளில் கண்ட கருவும் 60ஆம் நாளுக்குள் கலைந்துபோகலாம் என்பதால் மறுபார்வை எப்படியும் தேவை. விபத்தில் அடிபட்ட நாயின் வயிற்றை ஸ்கேன் செய்து, சேலைன் ஏற்றி, நான்கு மணி நேரத்தில் மறுபடி பார்க்கும் முறை வழக்கத்துக்கு வந்ததும் இதனால்தான்: முதல் பார்வையில் தெரியாத இரத்தக் கசிவு இரண்டாவதில் தெரியும். மயிரிழை முறிவும் அப்படியே, ஒரு வாரம் பத்து நாள் சென்ற பின்பே படத்தில் கோடு விழுவதுண்டு.

படத்தை நோய் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்றால், இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று எழும். நோய் வரலாற்றை முன்கூட்டியே அறிந்தவர் தான் எதிர்பார்ப்பதையே படத்தில் காண்பார் என்பது அது. உண்மை. அதற்காக வரலாற்றையே ஒதுக்குவது தலைவலிக்குத் தலையை வெட்டுவது போல. முதலில் எதையும் கேட்காமல் படத்தை முழுவதும் பார்த்து, கண்டதை எழுதிவிட வேண்டும். பிறகு நோய் வரலாற்று அட்டையைப் படித்து, அது எழுப்பும் கேள்வியோடு மறுபடி பார்க்க வேண்டும். கைத்தொலைபேசியில் படத்தை மட்டும் பேராதனைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிப் பதில் கேட்பவர்கள் இந்த இரண்டாவது பார்வைக்கு வழியே வைப்பதில்லை. சினைப்படுத்திய திகதியும் சுருக்கில் கிடந்த நேரமும் படத்தில் பதிவதில்லையே!

காட்டு விலங்கை மறுபடி மயக்கிப் படமெடுப்பது ஆபத்து என்பது முற்றிலும் நியாயமான மறுப்பு. அங்கே மறுபார்வையின் வேலையை இரத்தமும் சிறுநீரும் செய்ய வேண்டும். கிரியேட்டின் கைனேஸ் அளவையும் சிறுநீரின் நிறத்தையும் அதே மயக்கத்தில் பார்த்துவிடலாம். அவை கையில் இல்லாதபோது எக்ஸ்ரே அறிக்கையின் கடைசி வரி "விடுவிக்கத் தகுதியானது" என்று இருக்கக் கூடாது. "தசை, சிறுநீரகச் சேதம் இப்படத்தால் மதிப்பிடப்படவில்லை" என்று இருக்க வேண்டும். எழுத அரை நிமிடம் ஆகும். கூண்டைத் திறக்கலாமா என்று முடிவெடுக்கும் வனஜீவராசிகள் அதிகாரி பெரும்பாலும் படத்தைப் பார்ப்பதில்லை, அந்த வரியைத்தான் படிக்கிறார்.