பொறியியல் மாணவர் கிணற்றடிக்கு வருக!

"எங்கள் பிள்ளை எஞ்சினியர்" என்று சொல்லும்போது பெற்றோரின் நெஞ்சு நிமிர்வதை நாம் ஊர்தோறும் கண்டிருக்கிறோம். அப்பெருமிதத்திற் குற்றமில்லை. வெங்காயம் விற்ற பணத்தையும் நகையை அடகு வைத்த பணத்தையும் பிள்ளையின் படிப்பிற் கொட்டிய குடும்பங்கள் அவை. ஆயினும், அதே வீட்டுத் தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரம் இடையில் நின்றுவிட்டால் யாரைத் தேடி ஓடுகிறோம்? சந்தியிலே கடை வைத்திருக்கும் மெக்கானிக்கையே தேடி ஓடுகிறோம். பட்டம் பெற்ற பிள்ளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

பொறியியலாளர் வேறு, திருத்துநர் வேறு என்று இதற்கு விடை கூறுவர். அவ்விடையை நாம் பாதியளவே ஏற்றுக்கொள்வோம். திருத்தும் வேலை பொறியியலாளருடையதன்று. ஆனால், இயந்திரத்தைத் தொட்டறியாதவர், அதைப் பயன்படுத்துவோரின் பேச்சைக் கேட்டறியாதவர், அதனினும் சிறந்த ஒன்றை எங்ஙனம் வடிவமைப்பார்?

சட்டம் பயின்ற நாமும் இப்பிழையைச் செய்தவர்களே. நூல்களைக் கரைத்துக் குடித்துவிட்டு முதற் கட்சிக்காரரின் முன் அமர்ந்தபோது, எந்தப் பிரிவு பொருந்தும் என்று தேடினோமேயன்றி, அவருடைய வழக்கு யாதென்று கேட்க மறந்தோம். "முதலில் அந்த மனிதர் சொல்வதைக் கேளும், தம்பி" என்று எம் மூத்த சட்டத்தரணி சொன்ன பின்னரே எமக்குத் தொழில் தொடங்கிற்று.

பொறியியற் கல்வியில் இப்பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1955இல் கிறின்ரர் என்பவரின் தலைமையில் அமைந்த குழு, அக்கல்வியில் விஞ்ஞானத்துக்கு முதலிடம் வேண்டுமென அறிக்கை வெளியிட்டது. பின்வந்த ஆண்டுகளிற் கணிதமும் பௌதிகமும் ஓங்கின. பட்டறையும் வரைபலகையும் ஒதுங்கின. அதற்கு மாற்று மருந்தும் அங்கேயே பிறந்தது. கலிபோர்னியாவிலுள்ள ஹார்வி மட் கல்லூரி 1963இல் "கிளினிக்" என்னும் முறையைத் தொடங்கிற்று. மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே கற்பதுபோல, பொறியியல் மாணவர் சிறு குழுவாகச் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் உண்மையான பிரச்சினையைத் தீர்க்கக் கற்றனர். 1995இல் இந்தியானா மாநிலத்துப் பேர்டியூ பல்கலைக்கழகம் மேலும் ஒரு படி சென்றது. அங்கே மாணவர் குழுக்கள் உள்ளூர்ப் பொதுநல அமைப்புகளுக்காக உழைக்கின்றன. முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் அமர்கின்றனர். தவணை முடிந்தாலும் செயற்றிட்டம் முடிவதில்லை. மூத்தவர் விட்ட இடத்தில் இளையவர் தொடர்கின்றனர்.

இப்பொழுது நம் மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ளது. விவசாய பீடமும் அங்கேயே இருக்கிறது. சற்றுத் தொலைவில் இரணைமடுக் குளம்; அதன் கீழ் வயல்கள். இதைவிடச் சிறந்த பட்டறை எந்தப் பல்கலைக்கழகத்துக்கு வாய்த்தது?

நம் நாட்டுப் பொறியியற் பட்டங்களிற் செயற்றிட்டம் உண்டு. இல்லையென்று நாம் சொல்லவில்லை. 2014இல் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்புரிமை பெற்றது. வடிவமைக்கும் ஆற்றலும் குழுவாக உழைக்கும் ஆற்றலும் பட்டதாரிக்கு வேண்டுமென்பது அவ்வுடன்படிக்கையின் எதிர்பார்ப்பு. ஏட்டில் எல்லாம் உண்டு. நாம் கேட்பவை இரண்டே: பிரச்சினையைச் சொல்பவர் யார்? தீர்வு சரியென்று தீர்ப்பளிப்பவர் யார்? இரண்டுக்கும் விரிவுரையாளர் என்பதே விடையாயின், வழக்காளியே நீதிபதியாக அமர்ந்த மன்றம் அது!

ஓர் உதாரணம் கூறுவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கமக்காரர் ஒருவர், "இறைப்புக்குத் தண்ணீர் போதவில்லை" என்று முறையிடுகிறார். வகுப்பறையில் இது இலகுவான கணக்கு: வலுக்கூடிய நீர்ப்பம்பியைப் பூட்டினால் தீர்ந்தது. கிணற்றடிக்கு வந்தாலோ கணக்கு மாறுகிறது. குடாநாட்டின் நன்னீர், சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை. அளவுக்கு மிஞ்சி இறைத்தாற் கீழுள்ள உவர் மேலேறும், கிணறே கெட்டுவிடும். துலா மிதித்த காலத்தை அறிந்த முதியவர் தண்ணீரின் சுவையைக் கொண்டே இதைச் சொல்லிவிடுவார். ஆகவே, கூட இறைப்பது எப்படி என்பதன்று கேள்வி. குறைந்த நீரிற் பயிரைக் காப்பது எப்படி என்பதே கேள்வி. குடிசார் பொறியியல் மாணவர் கிணற்றை அளக்கட்டும். இயந்திரப் பொறியியல் மாணவர் பம்பியைத் தெரிவுசெய்யட்டும். மின் பொறியியல் மாணவர் சூரியத் தகட்டைப் பொருத்தட்டும். விவசாய பீட மாணவர் வெங்காயத்துக்கு வேண்டிய நீரைக் கணிக்கட்டும். ஒருவருடைய கணக்குப் பிழைத்தால் நால்வருடைய வேலையும் வீணாகும். குழு என்பதன் பொருள் இதுவே.

இப்பீடத்திற் பல இனத்து மாணவரும் சேர்ந்து பயில்கின்றனர், பாடமொழி ஆங்கிலம். கமக்காரரின் மொழியோ தமிழ். அவர் சொல்வதைத் தமிழிற் கேட்டு, தோழருக்கு விளங்கவைத்து, முடிவை மீண்டும் தமிழில் அவருக்கு எடுத்துரைக்கும் பொறுப்புக் குழுவுக்கு இருத்தல் வேண்டும். அதற்கும் புள்ளி வழங்குக.

குழுவுக்குப் புள்ளியிட்டாற் சோம்பேறி மற்றவர் முதுகில் ஏறிச் செல்வான் என்பர். நியாயமான தடை. ஒவ்வொருவரும் தம் வேலைக் குறிப்பேட்டைத் தனித்தனியே எழுதட்டும். வாய்மொழிப் பரீட்சையிற் குறுக்கு விசாரணைக்கு உட்படட்டும். உழைத்தவர் யார், ஒட்டிக்கொண்டவர் யார் என்பது அரை மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

முயற்சி தோற்றால் என்ன செய்வது? தோல்வியை நேர்மையாக எழுதிய மாணவர் தேர்ச்சி பெறட்டும். ஆனால், அத்தோல்வியின் செலவு கமக்காரரின் தலையில் விழலாகாது. மாணவருக்கு அது ஒரு பாடம்; கமக்காரருக்கு அது குடும்பத்தின் சோறு. ஆகவே, முதலிற் சில பாத்திகளில் மட்டும் சோதிப்பதென்றும், இழப்பு வந்தாற் பல்கலைக்கழகமே ஈடுசெய்வதென்றும் எழுத்தில் உடன்படிக்கை வேண்டும். பரீட்சகர் குழுவில் அக்கமக்காரருக்கும் ஓர் ஆசனம் வேண்டும்.

கமக்காரர் அமைப்புகளும் வாளாவிருத்தலாகாது. தத்தம் ஊரின் முதன்மையான மூன்று பிரச்சினைகளை எழுதி அறிவியல் நகருக்கு அனுப்புக. மாணவர் வந்து படலையைத் தட்டினால் மறுக்காது திறந்துவிடுக. பட்டதாரிகள் பிறநாடு செல்வதைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. ஆனால், போகுமுன் ஒருமுறையாவது நம் கிணற்றடியில் நின்று ஒரு வேலையை முடித்துக்காட்டுக என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. அப்பட்டத்தின் செலவை வரியாகக் கொடுப்பவர் நாமே அன்றோ!