நூல் அறுந்தால் ரேடியோ செத்துவிடுமா?

"இது இனிமே ஓடாது தம்பி. உள்ளே இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு புளூடூத் போர்டு போட்டுத் தரேன். பெட்டி அப்படியே இருக்கும், பாட்டு சும்மா அள்ளும்."

தாத்தாவின் வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு போன கடையில் எனக்குக் கிடைத்த பதில் இது. கோளாறு என்ன தெரியுமா? குமிழைத் திருகினால் முள் நகரவில்லை. உள்ளே ஒரு நூல் அறுந்திருந்தது, அவ்வளவுதான். செருப்பு வார் அறுந்ததற்குக் காலை வெட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். "நூல்தானே அண்ணே, மாத்திடலாமே?" என்றேன். "ஸ்பேர் வரதில்லை தம்பி" என்றார்.

பச்சைப் பொய். டயல் நூலுக்கு என்ன ஸ்பேர்? அது நூல். கம்பெனி பெயர் அச்சடித்த நூல் எதுவும் கிடையாது. தேவையானது, இழுத்தால் நீளாத, வழுக்காத, அரை மில்லிமீட்டருக்கும் மேல் தடிமன் உள்ள பின்னல் நூல். தையல் நூல் சீக்கிரம் அறுந்துவிடும். தூண்டில் நரம்பு வழுக்கும், நாளாக நாளாக நீண்டும் போகும். தூண்டில் கடையிலேயே பின்னிய பாலியெஸ்டர் நூலும் இருக்கிறது, அது பிரமாதமாக உழைக்கும்.

இவ்வளவு கோபம் ஏன் என்றால், எதிர்வீட்டு மாமா இதே பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டார். அவர் ரேடியோ இப்போது பளபளவென்று வார்னிஷ் அடித்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறது. குமிழைத் திருகினால் எதுவும் ஆகாது, அது அலங்காரத்துக்கு ஒட்டியது. இதற்குப் பெயர் "விண்டேஜ்".

நிற்க. அந்த நூல் என்னதான் செய்கிறது?

ரேடியோவுக்குள் கேங் கண்டென்சர் என்று ஒன்று உண்டு. அலுமினியத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவரும், அரைச் சுற்றுதான் சுற்றும். அதன் தண்டில் ஒரு பெரிய சக்கரம், டிரம் என்பார்கள். நாம் திருகும் குமிழின் தண்டோ 6 மில்லிமீட்டர் கனம்தான். இரண்டையும் இணைப்பது இந்த நூல். டிரம் 75 மில்லிமீட்டர் என்றால் அரைச் சுற்றுக்கு நூல் சுமார் 118 மில்லிமீட்டர் ஓடும், டயலில் முள் நகரும் தூரமும் அதுவே. அதற்குக் குமிழை 6 சுற்றுக்கு மேல் திருக வேண்டும். ஷார்ட் வேவில் 31 மீட்டரில் நெருக்கியடித்து நிற்கும் ஸ்டேஷன்களை விரல் நுனியால் பிரித்தெடுக்க முடிந்தது இதனால்தான். பல் சக்கரம் போட்டால் ஆட்டம் கொடுக்கும், விலையும் கூடும். நூலுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. கடைசி வரை போன பிறகும் முரட்டுத்தனமாகத் திருகினால், தண்டின் மேல் வழுக்கிக்கொடுத்துக் கண்டென்சரைக் காப்பாற்றும். இதை யோசித்தவன் காலில் விழலாம்.

எங்கள் வகுப்பில் சூப்பர்ஹெட்டரோடைன் 13 மார்க் கேள்வி. 1918-ல் ஆம்ஸ்ட்ராங், 455 கிலோஹெர்ட்ஸ் என்று தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்போம். பிளாக் டயகிராமில் மிக்சருக்கும் ஆசிலேட்டருக்கும் நடுவே ஒரு புள்ளிக்கோடு போடுவோம். இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து சுற்றும் என்று அதற்கு அர்த்தம். அந்தத் தண்டைச் சுற்றுவது ஒரு முழம் நூல் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. புள்ளிக்கோடு போட்டால் மார்க் வந்துவிடுகிறதே!

ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் இதைக் கேவலமான வேலையாக நினைக்கவில்லை. பெரிய கம்பெனிகளின் சர்வீஸ் மேனுவல்களில் நூல் எந்தக் கப்பி வழியாக, எந்தப் பக்கம், எத்தனை சுற்று என்று தனிப் படம் இருக்கும். அமெரிக்காவில் ஹோவர்ட் சாம்ஸ் நிறுவனம் நூல் கோக்கும் படங்களுக்கென்றே தனிப் புத்தகங்கள் போட்டது. புத்தகம் போட்டு விற்கிற அளவுக்கு இருந்த வேலை நம் ஊரில் "ஓடாது தம்பி" ஆகிவிட்டது.

சரி, நானே செய்தேன். முதலில் பிளக்கைப் பிடுங்கினேன். வால்வு செட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் சார்ஜ் நிற்கும், அதை இறக்காமல் கை வைக்கக் கூடாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத செட் என்றால் சேஸிஸிலேயே கரண்ட் இருக்கலாம், விளையாட வேண்டாம். அறுந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் அளந்து, ஓடிய வழியைப் படம் வரைந்துகொண்டேன். தகடுகளை முழுக்க உள்ளே தள்ளி வைத்தேன், வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கை பட்டு வளைந்துவிடும். நூலின் ஒரு முனையை டிரம்முக்குள் கட்டி, கப்பிகளின் வழியாக இழுத்து, குமிழ்த் தண்டில் இரண்டரைச் சுற்று சுற்றி, மறுபடி டிரம்முக்கே கொண்டுவந்து ஸ்பிரிங்கில் கட்ட வேண்டும். ஸ்பிரிங் பாதி விரிந்து நிற்கணும். முடிச்சில் ஒரு சொட்டு பசை.

முதல் தடவை ஸ்பிரிங் நழுவிப் பீரோவுக்கு அடியில் போனது. இரண்டாம் தடவை தண்டில் தலைகீழாகச் சுற்றிவிட்டேன், வலது பக்கம் திருகினால் முள் இடது பக்கம் ஓடியது :-) மூன்றாம் தடவை சரியாக வந்தது. மொத்தம் ஒரு சாயங்காலம். (உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பழைய கண்டென்சர் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. வருஷக்கணக்கில் தூங்கிய செட்டுக்கு அப்படியே கரண்ட் கொடுப்பது ஆபத்து.)

மெக்கானிக்கை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. இரண்டு மணி நேரம் குனிந்து நூல் கோத்தவருக்கு 300 ரூபாய் கொடுக்க நாம் மூக்கால் அழுவோம். புளூடூத் பெட்டிக்கு வாய் திறக்காமல் ஆயிரங்களை எடுத்து வைப்போம். அவர் எதைச் செய்வார்?

"மீடியம் வேவில் இன்னும் எத்தனை நாள் ஸ்டேஷன் இருக்கப் போகுது?" என்று கேட்கும் புத்திசாலிகளுக்கு: தெரியாது. அன்று ராத்திரி 720-ல் சென்னை கிடைத்தது. அதை வைத்துத்தான் முள்ளை நூலில் நகர்த்தி, டயலில் சரியான இடத்தில் பொருத்தினேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மாமா வந்தார். ரொம்ப நேரம் குமிழைத் திருகிக்கொண்டே இருந்தார், எந்த ஸ்டேஷனிலும் நிற்கவில்லை. "என்னோடதையும் இப்படிப் பண்ணித் தரியாடா?"

"பழைய கேங் கண்டென்சர், வால்வெல்லாம் எங்கே மாமா?"

"அதெல்லாம் வேஸ்ட்டுன்னு கடையிலயே வெச்சுக்கிட்டானேடா."